தாத்தாவின் மூத்த தாரத்தைத் தேடுவது எப்படி? முன்னோரின் திருமணங்களையும் தீர்வையையும் (மணமுறிவையும்) தமிழ்நாட்டு ஆவணங்களில் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

தாத்தாவுக்கோ கொள்ளுத்தாத்தாவுக்கோ இரண்டு கல்யாணம் என்று வீட்டில் அரசல்புரசலாகப் பேசிக் கேட்டிருப்பீர்கள். முதல் மனைவி இறந்துபோனாரா, உறவைத் தீர்த்துவிட்டார்களா, அல்லது இருவரும் ஒரே காலத்தில் இருந்தார்களா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். எங்கள் குடும்பத்திலும் இதே கதைதான். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்து, ஒருவழியாகக் காகிதங்களைச் சேர்த்தேன். அடுத்தவர் அவ்வளவு அலையவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல்தான். அதற்கு முந்தைய இந்துத் திருமணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவே கிடையாது. அதனால் "கல்யாணச் சான்றிதழ் வேண்டும்" என்று போய் நின்றால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். தாலி கட்டியதற்குக் காகிதம் இருக்காது. அந்தக் கல்யாணத்தால் வந்த நிலப் பேச்சு, ஜீவனாம்சப் பேச்சு, வாரிசுச் சண்டை ஆகியவற்றுக்குக் காகிதம் இருக்கும். தேட வேண்டியது அவற்றைத்தான்.

1. வீட்டில் விசாரிக்கும் முறை

"தாத்தாவுக்கு ரெண்டு கல்யாணமா?" என்று நேரடியாகக் கேட்காதீர்கள். பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சுற்றி வளைத்துக் கேளுங்கள். "பெரியாச்சிக்கு எந்த ஊரு?" "அவங்க கூடப்பிறந்தவங்க நம்ம வீட்டு விசேஷத்துக்கு வருவாங்களா?" "பெரிய மாமாவுக்குத் தாய்மாமன் சீர் யார் செஞ்சது?" இப்படிக் கேட்டால் பதில் வரும். "அதெல்லாம் அப்பவே அத்துவிட்டாச்சுப்பா, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று யாராவது அலுத்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிட்டது. இறந்தவரைப் பற்றி அப்படிப் பேசமாட்டார்கள்.

வழிபாட்டையும் கவனியுங்கள். சுமங்கலியாக இறந்த முதல் மனைவிக்கு வீட்டில் புடவை வைத்துப் படைப்பார்கள். வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். அப்படி ஒரு படையல் உங்கள் வீட்டில் மூத்தாள் பெயரில் நடந்தால், விவாகரத்து ஆவணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர் இறந்த ஆண்டைத் தேடுங்கள்.

பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பத்திரங்கள், மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பென்ஷன் உத்தரவு, ரேஷன் அட்டை என எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டை லேசாக நினைக்காதீர்கள். முதல் பக்கத்தில் தேதியும் விசேஷமும் இருக்கும், உள்ளே ஊர்வாரியாகப் பெயர்கள் இருக்கும். ஒரு நோட்டில் ஒரே ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் மொய் எழுதி, அடுத்த விசேஷத்து நோட்டில் அந்த ஊரே காணாமல் போயிருந்தால், சம்பந்தம் முறிந்தது அந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் என்று ஊகிக்கலாம். சாட்சியமாகச் செல்லாது. தேட வேண்டிய ஆண்டுகளைச் சுருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2. எந்தச் சட்டம் ஓடிய காலம் என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது வீண். கல்யாணம் நடந்த காலத்தையும் சமயத்தையும் பொறுத்துத்தான், விவாகரத்து என்று ஒன்று இருந்திருக்க முடியுமா என்பதே முடிவாகும்.

இந்துக் குடும்பம், 1949க்கு முன்: ஆண் எத்தனை மனைவியரையும் மணக்கலாம். ஆகவே இரண்டாம் கல்யாணம் நடந்தது என்பதை வைத்து முதல் மனைவி இறந்தார் என்றோ விலக்கப்பட்டார் என்றோ சொல்ல முடியாது. அதிகம் பேர் இடறுவது இங்கேதான். விவாகரத்து நடந்திருந்தால் அது சாதி வழக்கப்படி பஞ்சாயத்தில் நடந்திருக்கும். வழக்கமே இல்லாத சாதிகளில் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பார், அவ்வளவுதான்.

1949 முதல் 1955 வரை: சென்னை மாகாணத்தின் இருதார மணத் தடை மற்றும் விவாகரத்துச் சட்டம் 1949இல் வந்தது. இந்துக்கள் நீதிமன்றம் போய் விவாகரத்துக் கேட்க முடிந்தது இந்தச் சட்டத்தால்தான். இந்த ஆறு ஆண்டுக் காலத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் அங்கே இந்தச் சட்டம் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் திருவனந்தபுரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

1955க்குப் பின்: இந்து திருமணச் சட்டம். விவாகரத்து என்றால் நீதிமன்றம். ஆனால் சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதையும் 29ஆவது பிரிவு செல்லும் என்று விட்டுவைத்தது. அதனால் 1960களிலும் பஞ்சாயத்துத் தீர்வை, பதிவு செய்த விலக்குப் பத்திரம் எல்லாம் வரும். பரஸ்பர சம்மத விவாகரத்து சட்டத்தில் நுழைந்தது 1976இல். அதற்கு முன்பு "ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கோர்ட்ல பிரிஞ்சாங்க" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது பத்திர ஆபீசாக இருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம்: 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். 2001 வரை இதில் விவாகரத்துப் பெறுவது பெரும்பாடு. கணவன், மனைவியின் பிறன்தொடர்பை நிரூபிக்க வேண்டும். மனைவிக்கோ அது மட்டும் போதாது. கூடவே கொடுமை, இரண்டாண்டு கைவிட்டது போல இன்னொன்றும் காட்ட வேண்டும். அதனால் எண்ணிக்கை குறைவு. நடந்தவை நல்ல தடயம் விட்டிருக்கும். ஆறாவது படியில் சொல்கிறேன்.

இஸ்லாமியக் குடும்பம்: தலாக் (கணவன் விலக்குவது), குலா (மனைவி கேட்டு விலகுவது) எல்லாம் ஜமாஅத் அளவில் முடிந்திருக்கும். பெண் நீதிமன்றம் போனது 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்துக்குப் பின்.

சுயமரியாதைத் திருமணம்: இந்து திருமணச் சட்டத்துக்கு வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இதற்குச் சட்ட ஏற்பு தந்தது, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்துத் தந்தது. இடைப்பட்ட காலத்தில் சொத்துத் தகராறு வந்திருந்தால், "இது திருமணமே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடிய வழக்கு இருக்க வாய்ப்புண்டு. பெரியாரின் 'குடி அரசு' இதழில் இத்தகைய திருமணச் செய்திகள் ஊர் பெயரோடு வந்தன. இதழின் தொகுப்புகள் கிடைக்கின்றன, புரட்டிப் பாருங்கள்.

3. ஆண்டையும் பெயரையும் சரிசெய்துகொள்ளுங்கள்

பழைய காகிதத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும் என்று நம்ப வேண்டாம். பசலி (வருவாய்த்துறைக் கணக்கு) ஆண்டோடு 590 கூட்டுங்கள்: பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கம் கொல்லம் (மலையாள) ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பின் 825 கூட்ட வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'ஆங்கீரச வருஷம்' 1872ஆகவும் இருக்கலாம், 1932ஆகவும் இருக்கலாம். பத்திரத்தில் உள்ளவர்களின் வயதை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும்.

பெயர் விஷயத்தில் இரண்டு பொறிகள். ஒன்று, பேரனுக்குத் தாத்தா பெயர். ஒரே ஊரில், ஒரே இனிஷியலில், ஒரே பெயரில் மூவர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் வயதும் பொருந்தாமல் எதையும் நம்முடையது என்று எடுக்காதீர்கள். இன்னொன்று இதைவிடச் சிக்கல். மனைவி இறந்தபின் அவர் தங்கையையே கட்டுவது நம்மிடம் சகஜம். அப்போது இரண்டு மனைவியருக்கும் தகப்பன் பெயர் ஒன்று, ஊர் ஒன்று, சில சமயம் கூப்பிடும் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே பெண்தான் என்று நினைத்துக் கடந்துபோவோம். பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பழைய பத்திரங்களில் மனைவியைப் பெண்சாதி, சம்சாரம், பாரியாள் என்றும், இருவர் இருந்தால் மூத்தகுடியாள், இளையகுடியாள் என்றும் எழுதியிருப்பார்கள். பட்டியலைக் கண்ணால் மேயும்போது இந்தச் சொற்களைத் தேடுங்கள்.

4. சார்பதிவாளர் அலுவலகம்: இங்கேதான் பாதிக்குமேல் கிடைக்கும்

சார்பதிவாளர் அலுவலகத்தில் நமக்கு வேண்டியவை மூன்று புத்தகங்கள். 1ஆம் புத்தகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள். 3ஆம் புத்தகத்தில் உயில்கள். 4ஆம் புத்தகத்தில் சொத்து சம்பந்தப்படாத பிற பத்திரங்கள். விலக்குப் பத்திரம், பிரிவு ஒப்பந்தம் போன்றவை இங்கே. 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விவாகரத்துப் பத்திரத்துக்கென்று தனி இனம் உண்டு. ஆகவே "அப்படியெல்லாம் பத்திரம் கிடையாது சார்" என்று கவுன்டரில் சொன்னால் ஒப்புக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

யார் எதைப் பார்க்கலாம் என்பது பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருக்கிறது. 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் நகலை, எழுதியவர் இறந்துவிட்டால் யாரும் கேட்கலாம். இறப்புச் சான்று கொண்டுபோங்கள். 4ஆம் புத்தக நகல் எழுதிக்கொடுத்தவருக்கும், எழுதிவாங்கியவருக்கும், அவர்களின் பிரதிநிதிக்கும் மட்டுமே. நீங்கள் வாரிசு என்று காட்ட வாரிசுச் சான்றும், தாத்தாவிலிருந்து உங்கள் வரை கோர்க்கும் பிறப்பு, இறப்புச் சான்றுகளும் வேண்டும். 3, 4ஆம் புத்தகங்களில் நாமே புரட்ட முடியாது, அலுவலர்தான் தேடித் தருவார். அதனால் ஆண்டை எவ்வளவு குறுக்கிச் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

வில்லங்கம் போடும்போது கவனிக்க வேண்டியது: வில்லங்கச் சான்று சர்வே எண்ணை வைத்துத் தேடுவது. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல்தான் பார்க்க முடியும், அது இலவசம். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் கையால் எழுதிய அட்டவணை. சர்வே எண் தெரியாவிட்டால் பெயர்வழி அட்டவணையில் தேடித் தரும்படி மனு கொடுங்கள். 1980களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் சர்வே உட்பிரிவு எண்கள் மாறிவிட்டன. இப்போதைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணை வைத்து 1940ஐத் தேடினால் ஒன்றும் வராது. பழைய எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் இப்போது எந்த அலுவலகத்தின் கீழ் இருக்கிறது என்பது போதாது. அன்றைக்கு எதன் கீழ் இருந்தது என்று கேளுங்கள். அலுவலகங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன, பழைய தொகுதிகள் தாய் அலுவலகத்தில் தங்கியிருக்கும். உள்ளூரில் நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தவர்கள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலேயே பதிந்துவிட்டு வந்ததும் உண்டு, சட்டம் அதற்கு இடம் தருகிறது. தீர்வை விஷயத்தில் இந்த வழியைக் கட்டாயம் பாருங்கள்.

என்ன மாதிரிப் பத்திரம் கிடைக்கும்? "விவாகரத்து" என்ற தலைப்பில் அநேகமாக இருக்காது. ஜீவனாம்ச விடுதலை, தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, சில சமயம் வெறும் கிரயம் என்றே இருக்கும். இப்படிப் போகும் வாசகம்: "நமக்குள் மனஸ்தாபம் ஏற்பட்டு வெகுகாலமாய்ப் பிரிந்து ஜீவித்து வருகிறபடியாலும், ஊர்ப் பெரியோர் மத்தியஸ்தத்தில் தீர்மானித்தபடிக்கு என் ஆயுள் ஜீவனாம்சத்துக்காக இன்று ரொக்கம் பெற்றுக்கொண்டபடியாலும், இனி தங்கள் பேரிலும் தங்கள் ஆஸ்தி பேரிலும் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை." இந்த ஒரு வாக்கியத்தில் கல்யாணம் நடந்ததும், பிரிந்ததும், பிள்ளை இல்லாததும்கூடத் தெரிந்துவிடும், பிள்ளை இருந்தால் அதற்கும் ஒரு வரி இருக்கும்.

வாசகத்தோடு நிறுத்தாமல் அடியில் உள்ள சாட்சிகளையும் பதிவின்போது "அறிந்த நபர்" என்று கையெழுத்திட்டவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கைநாட்டு வைத்த பெண்ணை அடையாளம் காட்ட வந்தவர் பெரும்பாலும் அவர் அண்ணனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். தகப்பன் பெயரோடும் ஊரோடும் அவர் பெயர் நிற்கும். முதல் மனைவியின் குடும்பத்தை இன்று கண்டுபிடிக்க அதுதான் திறவுகோல். அசல் பத்திரமே வீட்டில் இருந்தால் முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள். யார், எந்த ஊர், எந்தத் தேதியில் தாள் வாங்கினார் என்று முத்திரைத்தாள் விற்பனையாளர் குறித்திருப்பார். தாளை வாங்கியவர் யார் என்பதே பல நேரம் கதை சொல்லும்.

1955க்குப் பின் பதிவுசெய்த இந்துத் திருமணம் ஏதாவது இருந்தால் அதுவும் இதே அலுவலகத்தில்தான். அந்தப் பதிவேட்டை யாரும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம்.

5. கோயில், சர்ச், பள்ளிவாசல்

கிறிஸ்தவர்களுக்குக் கதை நேரெதிர்: திருமணத்துக்கே பதிவேடு இருக்கும். 1872ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பெயர், வயது, தொழில், குடியிருப்பு, தகப்பன் பெயர் ஆகியவற்றோடு மணமக்களின் நிலையும் எழுத வேண்டும். மணமகன் நிலை "மனைவியை இழந்தவர்" என்றிருந்தால் அதே சபையின் அடக்கப் பதிவேட்டுக்குப் போங்கள். கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுச் சபையில் நடந்திருக்கும். மாப்பிள்ளை ஊரில் மட்டும் தேடி நாளைக் கழிக்காதீர்கள். மாப்பிள்ளை ஊரில் ஓலை வாசித்த (சபையில் திருமணத்தை முன்கூட்டி அறிவித்த) குறிப்பு இருந்தால், அதில் பெண்ணின் சபை எது என்று இருக்கும்.

கத்தோலிக்கர்கள் திருமணப் பதிவேட்டுக்கு முன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். 1908க்குப் பின் நடந்த திருமணத்தை, அவரவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் (ஊர்க் கோயிலின்) பதிவேட்டில் ஓரக்குறிப்பாக எழுத வேண்டும் என்று விதி. ஒரே ஓரத்தில் இரண்டு திருமணக் குறிப்புகள் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பதிவு லத்தீனில் இருந்தால் பங்குத்தந்தையிடமே படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நகல் கேட்கும்போது "ஓரக்குறிப்புகளோடு" என்று எழுதிக்கொடுங்கள், இல்லாவிட்டால் அச்சுப் படிவத்தில் ஞானஸ்நானத் தேதியை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். கத்தோலிக்கத்தில் திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு மறைமாவட்ட நீதிமன்றத்தில் நடப்பது, பங்கில் கோப்பு இருக்காது.

சர்ச் பதிவேடு செல்லரித்துப் போயிருந்தால், சபைகள் அனுப்பிய படிகள் பதிவுத்துறையிடம் உண்டு. சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தில் கேளுங்கள். துறையின் இணையதளத்திலும் கிறிஸ்தவத் திருமணத் தேடல் என்று ஒரு பகுதி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாணச் சமயப் பதிவுகளில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்கள்தான். பணம் கட்டிச் சேரும் வம்சாவளித் தளங்கள் விற்பதும் பெரும்பாலும் அதைத்தான். உங்கள் குடும்பம் அந்த வகை இல்லையென்றால் காசைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். திருமணத்துக்கு ஒன்பது நகரக் கோயில்களில் உரிய கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், இசைவு பிடிமானம் (திருமண ஒப்பந்தம்) எழுத வேண்டும், கோயிலின் புள்ளிக் கணக்கில் (மணமான குடும்பங்களின் கணக்கில்) ஏற வேண்டும். ஒரு திருமணத்தைப் பல இடத்தில் சரிபார்க்கலாம்.

இஸ்லாமியர்கள் பெண் ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரை (திருமணப் பதிவேட்டை) கேளுங்கள். மஹர் தொகை, வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். கடலோர ஊர்களில் பழையவை அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதிய தமிழில்) இருக்கக்கூடும், படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரோடு போங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலக் குடிமைப் பதிவேடுகள் உண்டு. பிரான்ஸ் நாட்டின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் அவற்றில் பலவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

6. நீதிமன்றம்

மூன்று வகை வழக்குகளைத் தேடுங்கள்: விவாகரத்து மனு, ஜீவனாம்ச வழக்கு, பிற்காலத்துப் பாகப்பிரிவினை வழக்கு. மூன்றாவதுதான் பொக்கிஷம். இரண்டு தாரத்துப் பிள்ளைகள் சொத்துக்காக மோதிய வழக்கில், யார் எப்போது யாரைக் கட்டினார், எப்போது பிரிந்தார் என்று இரு தரப்பும் போட்டிபோட்டு எழுதிவைத்திருப்பார்கள். தீர்ப்பில் வம்சாவளிப் படமே வரைந்திருக்கும்.

வழக்கு எண் இல்லாமல் நீதிமன்றத்தில் எதுவும் நகராது. இந்துத் திருமண மனுக்களுக்கு எச்.எம்.ஓ.பி. என்ற வரிசை, சென்னை உயர் நீதிமன்ற அசல் பிரிவின் திருமண வழக்குகளுக்கு ஓ.எம்.எஸ்., குற்றவியல் நீதிமன்ற ஜீவனாம்சத்துக்கு எம்.சி. எண் தெரியாதபோது அந்தந்த ஆண்டுப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இதற்கு அந்த நீதிமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடியுங்கள். வக்கீல் கட்டணத்தில் சிறு பங்குதான் ஆகும், வேலையும் நடக்கும். தொகையை முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை என்பதால் நகல் மனுவோடு காரணம் சொல்லும் பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள். "குடும்ப வரலாறு" என்பதைவிட "கட்சிக்காரரின் வாரிசு" என்று எழுதுவது எடுபடும்.

வழக்குக் கட்டு அழிக்கப்பட்டிருக்கும் என்பதற்கும் தயாராக இருங்கள். பழைய கட்டுகளைக் காலக்கெடு முடிந்ததும் அழிக்க விதிகள் உண்டு. மனுக்களும் சாட்சியமும் போயிருந்தாலும், வழக்குப் பதிவேட்டின் ஒரு வரி எஞ்சியிருக்கலாம். கட்சிக்காரர் பெயர், தாக்கல் தேதி, முடிவு இவை மூன்றும் கிடைத்தாலே போதும். "கட்டு இல்லை" என்று வாயால் சொன்னதை ஏற்காமல், பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்.

கிறிஸ்தவ விவாகரத்து நல்ல தடயம் விடும் என்று சொன்னேன் அல்லவா? 2001 திருத்தம் வரை, மாவட்ட நீதிபதி விவாகரத்து கொடுத்தால் அதோடு முடியாது. உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்ய வேண்டும். ஆகவே பாளையங்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ கட்டு அழிந்திருந்தாலும், சென்னையில் ஒரு தடம் இருக்கும். அந்த உத்தரவுகளில் சில சட்ட அறிக்கைகளில் அச்சேறி, இன்று இலவசத் தீர்ப்புத் தளங்களிலும் கிடைக்கின்றன. பெயரை ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலில் நாலைந்து விதமாகப் போட்டுத் தேடுங்கள். உறுதிசெய்த பின்னும் ஆறு மாதம் கழித்தே மறுமணம் செய்யலாம் என்பதால், இரண்டாம் திருமணத் தேதி தெரிந்தால் விவாகரத்துக்கு அதிலிருந்து பின்னோக்கி எண்ணலாம்.

7. வேலை பார்த்த இடம்

அரசு ஊழியராக இருந்தவர் என்றால் பணிப்பதிவேடும் பென்ஷன் கோப்பும். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனைவி பெயர் கொடுக்க வேண்டும், மாற்றினால் காரணம் எழுத வேண்டும். இவற்றைக் கேட்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. பட்டாளத்துக்காரர் என்றால் அவர் ரெஜிமென்டின் ஆவண அலுவலகம். சென்னை ரெஜிமென்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன்.

8. அக்கரைக்குப் போனவர்கள்

தாத்தா கொழும்பு, மலாயா, சிங்கப்பூர் என்று போயிருந்தால் அங்கே ஒரு குடும்பம் இருந்ததா என்று தேடத்தான் வேண்டும். இலங்கையில் பதிவுத் திருமணச் சான்றின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில். சிங்கப்பூரில் 1961 வரையும் மலேசியாவில் 1982 மார்ச் வரையும் இந்துக்களுக்குப் பலதாரத் தடை இல்லை, ஆகவே அங்கேயும் இரண்டாம் கல்யாணத்தை வைத்து விவாகரத்து என்று முடிவுகட்ட வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பு இலவசம். தமிழ் முரசும் அதில் இருக்கிறது. கல்யாண வாழ்த்து, மரண அறிவிப்பு, "இன்னாருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்ற விளம்பரம் எல்லாம் அதில் அகப்படும். மரண அறிவிப்பில் பிள்ளைகள் பட்டியலை ஊரில் உங்களுக்குத் தெரிந்த பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

9. செலவும் நேரமும்

அரசுக் கட்டணங்கள் பெரிதில்லை. பதிவு அலுவலகத்தில் தேடும் ஆண்டுகளின் எண்ணிக்கைப்படி ஏறும், நகலுக்குத் தனி. அதனால் 50 ஆண்டுக்கு மொத்தமாகப் போடாமல், மொய் நோட்டும் பிள்ளைகள் வயதும் காட்டும் பத்து ஆண்டுக்கு முதலில் போடுங்கள். கையைக் கடிப்பது பேருந்துச் செலவும் லாட்ஜ் வாடகையும் குமாஸ்தா கூலியும்தான். சர்ச்சில் கட்டணம் சொல்லாவிட்டாலும் காணிக்கை போட்டுவிட்டு வருவது மரியாதை.

எப்போது போவது என்பது முக்கியம். முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்கக்கூட இடமிருக்காது, உங்கள் பழைய அட்டவணையை எடுத்துத் தர யாருக்கும் நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் போங்கள். பத்திரம் பதிய ஆள் வராத மாதங்கள் அவை, ஊழியர்கள் பொறுமையாகத் தேடித் தருவார்கள். சர்ச்சுக்கு டிசம்பரிலும் தவக்காலக் கடைசியிலும் போகாதீர்கள். நீதிமன்றத்துக்கு மே மாத விடுமுறையைத் தவிருங்கள். எல்லா இடத்திலும் மனுவின் இரண்டாம் படியில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது எந்த அலுவலகத்திலும் கேட்டதாகாது.

10. மறுபக்கத்துக் குடும்பத்தைப் பார்க்கப் போகும்போது

சாட்சிப் பெயரைப் பிடித்து முதல் மனைவியின் ஊருக்குப் போவீர்கள். அங்கே முதல் கேள்வி, "என்ன, நிலத்துக்கு ஏதும் வந்திருக்கீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். வில்லங்கம், பத்திர நகல் எதையும் முதல் நாளே கையில் எடுத்துப் போகாதீர்கள். ஒரு பழைய போட்டோவோ மொய் நோட்டின் பக்கமோ போதும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போனால் பேச்சு சுலபமாக எழும். அந்த அம்மாள் பிறகு வேறொருவரை மணந்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு முதல் கல்யாணம் தெரியாமலே இருக்கலாம். பெரியவர்களிடம் தனியாகப் பேசி, அவர்கள் சரி என்ற பிறகே மற்றவர் முன் வாயைத் திறங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர், தேதி எதையும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

அவர்கள் வீட்டிலும் ஒரு பத்திரப் பெட்டி இருக்கும். உங்கள் தாத்தா எழுதிக்கொடுத்த அசல், பல நேரம் அங்கேதான் இருக்கிறது.